பூட்டிய தாளில் ஒரு சிவப்புக் கோடு

அந்தச் சீடர் தம் குருவைவிட வயதில் வெகு மூத்தவர்.

சீடரின் பெயர் தணிகாசலம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் ரிஸ்வானா. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய மருத்துவமனையில் கணினி வேலைகள் அத்தனையையும் அவர்தான் பார்த்துவந்தார். தணிகாசலத்தின் கடைசி மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான்.

தணிகாசலம் அங்கே வந்ததற்குக் காரணம் அவர் மனைவி விசாலம். மூச்சுக் கோளாறோடு சக்கர நாற்காலியில் அந்த மருத்துவமனைக்குள் போனவர், சில மாதங்களில் தன் காலால் நடந்து வெளியே வந்தார். வீட்டுக்குப் போன பிறகு தணிகாசலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் திரும்பி வந்து தலைமை மருத்துவர் பத்மாசனியின் முன் நின்றார். இங்கே எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள், சம்பளம் வேண்டாம், கூட்டிப் பெருக்கச் சொன்னாலும் சரி என்றார். தட்டச்சு தெரியுமா என்று டாக்டர் கேட்டார். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் தேர்வு முடித்திருப்பதாகச் சொன்னார். டாக்டர் அவரை ரிஸ்வானாவிடம் அனுப்பிவைத்தார்.

அறைக்குள் வந்தவர் உட்காரவில்லை. உட்காருங்கள் என்று ரிஸ்வானா சொல்லிப் பார்த்தார். குரு உட்கார்ந்த பிறகுதான் மாணவன் உட்கார வேண்டும் என்றார் தணிகாசலம். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். ரிஸ்வானா சிரிக்கவில்லை. தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னை டீச்சர்னு கூப்பிடுங்க ஐயா, போதும். தெரியாததைக் கேளுங்க. புரியலைன்னா மறுபடியும் கேளுங்க. புரிஞ்ச மாதிரி மட்டும் தலையாட்டாதீங்க."

"சரிங்க டீச்சர்."

அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். புரியும்வரை கேட்டார். தட்டச்சு இயந்திரத்தில் அடித்துப் பழகிய விரல்கள் என்பதால் முதலில் விசைப்பலகை மேசையில் குதித்தது. மெல்லத் தொட்டால் போதும் என்று கற்றுக்கொள்ள அவருக்கு நாளாயிற்று. அழித்துவிட்ட வரியைத் திரும்பக் கொண்டுவரும் வித்தையை ரிஸ்வானா காட்டியபோது மட்டும் அவர் எதுவும் கேட்கவில்லை. பத்திர அலுவலகத்தில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியே வாழ்ந்தவர். போன வரி திரும்பி வந்து நிற்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மருத்துவமனையில் ஒரு படிவம் இருந்தது. அங்கே பார்க்க முடியாத நோயாளிகளை நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது கூடவே போகும் தாள் அது. பெயர், ஊர், நோய், கொடுத்த மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாம் அதில் இருக்கும். செவிலியர் கணினியில் நிரப்பி, அச்செடுத்து நோயாளியின் கையில் கொடுப்பார்கள். ஒரு பிரதியைக் கணினி வழியாகவே முன்கூட்டி அனுப்பிவிடுவார்கள்.

பலர் கை பட்ட அந்தப் படிவம் நாளடைவில் உருக்குலைந்து போயிருந்தது. யாரோ அவசரத்தில் அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்ததில் ரத்த வகை என்ற தலைப்பே காணாமல் போனது. ஒருவர் தலைப்பை நடுவில் வைத்தார், இன்னொருவர் ஓரத்துக்குக் கொண்டுபோனார். ஒருமுறை தாள் முழுவதும் ஊதா எழுத்தில் வந்தது. பெரிய மருத்துவமனையில் இருந்து, உங்கள் ஊரில் வாரத்துக்கு ஒரு படிவமா என்று கேட்டார்கள். பத்மாசனி டாக்டர் அதைத் தணிகாசலத்திடம் ஒப்படைத்தார்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தமக்கு ஏற்ற வேலை இது என்று தோன்றியது. தலைப்புகளை ஒழுங்குபடுத்தினார். விவரம் எழுத வேண்டிய இடங்களில் மட்டும் கட்டங்கள் வைத்தார். பிறகு குருவிடம் வந்தார்.

"டீச்சர், இதை யாரும் கலைக்க முடியாதபடி பூட்ட முடியுமா?"

முடியும் என்று ரிஸ்வானா காட்டிக்கொடுத்தார். பூட்டிய பிறகு, கட்டங்களுக்குள் எழுதலாம். வேறெங்கும் கை வைக்க முடியாது. திறக்க ஒரு பாஸ்வேர்டு வேண்டும். தணிகாசலம் யாரும் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு அதைத் தட்டினார்.

"எல்லாத்தையும் பூட்டிட்டீங்களா?" என்று கேட்டார் ரிஸ்வானா.

"எல்லாத்தையும் டீச்சர்."

ரிஸ்வானா சரி என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

படிவம் அதன் பிறகு கலையவில்லை. எல்லாத் தாளும் ஒன்றுபோல வந்தன. பெரிய மருத்துவமனையில் இருந்தும் பாராட்டினார்கள். தணிகாசலம் அச்சாகி வரும் ஒவ்வொரு தாளையும் கையில் வாங்கி, ஓரங்களைத் தட்டிச் சமன்செய்து கொடுத்தார்.

ஜெசிந்தா சிஸ்டர் மட்டும் ஒருநாள் அவரிடம் வந்தார். நோயாளிகள் பிரிவின் மூத்த செவிலியர் அவர். படிவத்தில் எழுத்தைப் போல்டு பண்ண முடியவில்லை, அடிக்கோடு போட முடியவில்லை, நிறம் மாற்ற முடியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி விழுகிறது என்றார்.

அதற்காகத்தானே பூட்டியது என்றார் தணிகாசலம். "இது கல்யாணப் பத்திரிகை இல்லைங்களே சிஸ்டர், அலங்காரம் பண்றதுக்கு."

சிஸ்டர் திரும்பிப் போய்விட்டார். தணிகாசலத்துக்கு மனம் ஒப்பவில்லை. குருவிடம் போய், தாம் சொன்னது சரியா என்று கேட்டார்.

"சிஸ்டர் எதுக்காகக் கேட்டாங்க?"

"அதைக் கேக்கலை டீச்சர்."

"ஒருநாள் அவங்க மேசை பக்கத்துல உட்கார்ந்து பாருங்க ஐயா."

போகலாம் என்று நினைத்தார். அடுத்த நாள் வேறு வேலை வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

மழைக்காலத்தில் ஒரு மதியம், மலையில் இருந்து பூங்காவனம் என்ற பெண் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். மகளின் பெயர் ராஜகுமாரி. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. உடம்பு அனலாகக் கொதித்தது, நெஞ்சு இழுத்தது. பத்மாசனி டாக்டர் பார்த்துவிட்டு, உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது.

ஜெசிந்தா சிஸ்டர் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். சென்ற ஆண்டு இதே குழந்தைக்குப் பென்சிலின் கொடுத்தபோது முகம் வீங்கி மூச்சடைத்துப் போனது அவருக்கு நினைவிருந்தது. அன்று குழந்தையைப் பிழைக்கவைக்கப் பட்ட பாடும் நினைவிருந்தது. ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற கட்டத்தில் அதை எழுதினார். எழுதியது, தகப்பன் பெயருக்கும் தடுப்பூசி விவரத்துக்கும் நடுவில், அவற்றைப் போலவே சின்ன எழுத்தில், கறுப்பாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

சிஸ்டர் தணிகாசலத்தைக் கூப்பிட்டார். ஒரு நிமிடம் பூட்டைத் திறந்துவிடுங்கள், இந்த ஒரு வரியை மட்டும் சிவப்பாக்கிக்கொள்கிறேன் என்றார்.

தணிகாசலம் தயங்கினார். அந்த வரி திரையில் தெளிவாகத்தான் இருந்தது. படிப்பவர் டாக்டர், அவர் எல்லா வரியையும் படிக்கத்தானே போகிறார் என்று நினைத்தார்.

"ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும் சிஸ்டர். வரிதான் இருக்குதே."

வாதாட நேரமில்லை. சிஸ்டர் பிரதியை முன்னால் அனுப்பினார், தாளை அச்செடுத்தார். சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரிக்கு அடியில் தடித்த கோடு ஒன்று இழுத்தார். அழகாகத் தட்டிக் கொடுக்க வேண்டிய தாளில் இப்படியா என்று தணிகாசலத்துக்கு ஒரு கணம் முகம் சுளித்தது. ஆம்புலன்ஸ் கிளம்பிப் போயிற்று.

மாலையில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. தணிகாசலம்தான் எடுத்தார். பெரிய மருத்துவமனையின் இளம் டாக்டர் ஒருவர் பேசினார். குழந்தை ஆபத்தில் இருந்து தப்பிவிட்டாள் என்று சொன்னார். முன்னால் வந்த பிரதியைப் போனில் பார்த்துவிட்டுப் பென்சிலின் ஊசியைத் தயார் செய்துவிட்டோம், அந்த வரி கண்ணில் படவே இல்லை, கடைசி நேரத்தில் தாளில் சிவப்புக் கோட்டைப் பார்த்துத்தான் நிறுத்தினோம் என்றார்.

"அந்தப் படிவம் யார் சார் தயார் பண்ணினது?"

"நான்தாங்க," என்றார் தணிகாசலம்.

"ரொம்ப நன்றி சார். உங்களுக்கு ரொம்ப நன்றி."

அவர் மறுமொழி சொல்வதற்குள் அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, தொடர்பு அறுந்துவிட்டது. தணிகாசலம் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே நின்றார். செய்தியைச் சொன்னதும் செவிலியர் எல்லோரும் ஜெசிந்தா சிஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்களை மூடி, கழுத்தில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டார். தணிகாசலத்தைக் குறைசொல்லி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்களும் குறைசொல்லவில்லை.

வீட்டில் அவர் சாப்பிடவில்லை. விசாலம் கேட்டதற்கு, ஒரு குழந்தை பிழைத்துவிட்டது என்றார். அதற்கு ஏன் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று விசாலத்துக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலையில் ரிஸ்வானா வருவதற்கு முன்பே அவர் வாசலில் நின்றார்.

"பூட்டை எடுத்துடறேன் டீச்சர்."

"எடுத்துட்டா?"

"அவங்கவங்க இஷ்டப்படி எழுதிக்கட்டும்."

"ரத்த வகை மறுபடியும் காணாமப் போகும் ஐயா."

ரிஸ்வானா பையை மேசையில் வைத்துவிட்டு, கூட வாருங்கள் என்று நடந்தார். அவரும் பின்னால் போனார்.

மாவுக்கட்டு போடும் அறைக்கு வந்தார்கள். பலாமரத்தில் இருந்து விழுந்த ஒருவர் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். பத்மாசனி டாக்டரே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முழங்கைக்கு மேலே தொடங்கி, நனைத்த துணியைச் சுற்றிச் சுற்றி இறக்கி வந்தார். எலும்பு துளியும் அசையக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இறுக்கினார். உள்ளங்கை மறைந்தது. விரல்களுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"டாக்டர், விரலை ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார் ரிஸ்வானா. அது அவருக்குத் தெரியாதது அல்ல.

"விரலையும் மூடிட்டா, கட்டு இறுக்கமா இருக்குன்னு அந்தக் கை எப்படிச் சொல்லும்?" என்றார் டாக்டர். பிறகு நோயாளியிடம், விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நீலம் பாரித்தால் அந்த நிமிடமே ஓடிவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும்போது தாழ்வாரத்தின் முனையில் தணிகாசலம் நின்றார்.

"எவ்வளவு விடணும் டீச்சர்?"

"அதை நான் எப்படிச் சொல்றது? யாருடைய கையோ அவங்களைக் கேளுங்க."

அன்று தணிகாசலம் ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய் ஜெசிந்தா சிஸ்டரின் மேசை அருகில் உட்கார்ந்தார். முதலில் மன்னிப்புக் கேட்டார். சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், மருந்து வண்டி போகணும் என்றார்.

மாலைவரை இருந்து பார்த்தார். ஒரு கர்ப்பிணி வந்தாள். அவளுக்கு ஆபத்து ரத்த அழுத்தத்தில் இருந்தது. ஒரு கிழவர் வந்தார், அவருக்குச் சர்க்கரையில். கல் உடைக்கும் ஆள் ஒருவருக்கு, அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த ஏதோ மாத்திரையில். ஒத்துக்கொள்ளாத மருந்துக் கட்டத்தை மட்டும் முதலிலேயே பெரிதாக அச்சடித்துவிட்டால் போதும் என்று காலையில் நினைத்து வந்திருந்தார். அது போதாது என்று மாலையில் தெரிந்தது.

"எந்தக் கட்டம்னு தாளுக்கு முன்னாடியே தெரியாது சார்," என்றார் சிஸ்டர். "ஆளைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும்."

எதெல்லாம் வேண்டும் என்று தணிகாசலம் கேட்டார். சிஸ்டர் யோசிக்கவே இல்லை. போல்டு வேண்டும், அடிக்கோடு வேண்டும், சிவப்பு வேண்டும் என்றார். எழுத்தைச் சிறிதாக்குவதும் பெரிதாக்குவதும் வேண்டாம், வேறு நிறங்களும் வேண்டாம், ஊதாவால் பட்டது போதும் என்று சிரித்தார். தலைப்புகளை யாரும் தொட முடியாமல் பூட்டியது நல்லது, அது அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

தணிகாசலம் வேலையைத் தொடங்கினார். தாளை இரண்டு பிரிவாகப் பிரித்து, மேலே இருந்ததைப் பூட்டி, கீழே குறிப்பு எழுதும் பகுதியை மட்டும் திறந்துவைத்தார். அப்படியும் ஒரு வழி இருந்தது. ஆனால் யாரோ அந்தத் திறந்த பகுதியில் வெற்று வரிகளாகத் தட்டிவிட, டாக்டரின் கையெழுத்து அடுத்த தாளுக்குப் போய்விட்டது. தவிர, ஆபத்து மேலே ஏதாவது கட்டத்தில் இருந்தால் அதைச் சிவப்பாக்க இன்னும் வழியில்லை.

ரிஸ்வானா இன்னொரு வழியைச் சொல்லிக்கொடுத்தார். திரையின் மேல்பட்டையில் சில பொத்தான்கள் வைப்பது. செவிலியர் ஒரு கட்டத்துக்குள் நின்று சிவப்புப் பொத்தானை அழுத்தினால், கணினி தானே பூட்டைத் திறந்து, அந்த எழுத்தைச் சிவப்பாக்கி, தானே மறுபடியும் பூட்டிவிடும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். அதற்கான கட்டளைகளை வரிசையாக எழுதிச் சேர்த்துக் கட்ட வேண்டும். மேக்ரோ என்று அதற்குப் பெயர். தணிகாசலம் ஒவ்வொரு வரியையும், இது எதற்கு, இது எதற்கு என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.

பாதியில் கை நின்றது.

"டீச்சர், பாஸ்வேர்டை இந்தப் பொத்தானுக்குள்ளயே வைக்கச் சொல்றீங்க. தேடினா கிடைச்சுடுமே. பாதுகாப்பா?"

"யார்கிட்டேருந்து ஐயா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். யாருடைய முகமும் நினைவுக்கு வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்றுதான், சிலுவையைப் பிடித்துக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்த முகம். அவர் மேற்கொண்டு எழுதினார்.

சோதித்துப் பார்க்கத் தம்மையே நோயாளியாக வைத்துப் படிவத்தை நிரப்பினார். தம் பெயர், ஊர், மனைவியின் பெயர், கால்வலி, சாப்பிடும் மாத்திரை எல்லாம் எழுதினார். கால்வலியில் நின்று பொத்தானை அழுத்தினார். பூட்டு திறந்தது. மூடியது. மூடியதும் எல்லாக் கட்டங்களும் வெறுமையாகிவிட்டன. தணிகாசலமும் இல்லை, விசாலமும் இல்லை, கால்வலியும் இல்லை.

ஆம்புலன்ஸ் காத்திருக்கும்போது சிஸ்டருக்கு இப்படி ஆகியிருந்தால் என்று நினைத்தார். ஓடிப்போய்க் குருவை அழைத்துவந்தார்.

ரிஸ்வானா பார்த்தார். "பூட்டச் சொன்னீங்க, பூட்டிடுச்சு."

"உள்ளே இருந்ததை ஏன் அழிச்சுது டீச்சர்?"

"உள்ளே ஆள் இருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது ஐயா. புதுத் தாள்னு நினைச்சுப் பூட்டுது. மறுபடியும் பூட்டும்போது, இருக்கறதை அப்படியே விட்டுடுன்னு நாமதான் சொல்லணும்."

"எங்கே சொல்லணும்?"

பூட்டும் கட்டளையின் வாலில் சேர்க்க வேண்டிய சொல்லைக் காட்டினார். ஒரே சொல். தணிகாசலம் அதைச் சேர்த்தார். மறுபடியும் தம் பெயரை எழுதி, மறுபடியும் அழுத்தினார். கால்வலி சிவந்தது. மற்றவை அனைத்தும் இருந்த இடத்தில் இருந்தன. தலைப்புகள் அசையவில்லை. அவர் எழுந்து நின்று, யாரும் எதிர்பாராதபடி, தம் குருவைப் பார்த்துக் கைகூப்பினார். ரிஸ்வானா பதறி எழுந்து, உட்காருங்க ஐயா, இன்னும் அடிக்கோட்டுப் பொத்தான் பாக்கி இருக்கு என்றார்.

புதிய படிவம் புழக்கத்துக்கு வந்தது. முன்னால் அனுப்பும் பிரதியிலும் இப்போது சிவப்பு சிவப்பாகவே போயிற்று.

அப்படியிருக்கையில் ஒரு முற்பகல் பூங்காவனம் வந்தாள். ராஜகுமாரி முன்னால் துள்ளிக்கொண்டு வந்தாள். பூங்காவனத்தின் இடுப்பில் ஒரு துணிமூட்டை இருந்தது. தாள் எழுதிய ஆள் யார் என்று வாசலில் இருந்தே கேட்டுக்கொண்டு வந்து, தணிகாசலத்தின் முன் நின்றாள்.

"நீதான் அந்தத் தாளைப் போட்டதா நைனா?"

தணிகாசலம் எழுந்தார். இந்த முறை அவர் பேச்சு அறுந்துபோக விடவில்லை. தாள் என்னுடையது, கோடு சிஸ்டர் போட்டது, கோடு போட இடம் கேட்டபோது நான் மாட்டேன் என்று சொன்னேன், அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எல்லோர் முன்பாகவும் சொன்னார்.

ஜெசிந்தா சிஸ்டர் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். கோடு யார் வேண்டுமானாலும் போடுவார்கள், அதைக் கவனித்துப் பார்த்தாரே அந்த டாக்டர், அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றார்.

"அவரு எங்க பாத்தாரு?" என்றாள் பூங்காவனம்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. வண்டி ஏத்தும்போது இந்த சிஸ்டர் சொல்லுச்சு, அங்க ஊசி எடுத்தாங்கன்னா இந்தச் செவப்பைக் காட்டுன்னு. மத்ததெல்லாம் எனக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு, எறும்பு ஊர்ற மாதிரி. வழியெல்லாம் அந்தச் செவப்பு மேலயே வெரலை வச்சிருந்தேன், எங்க தொலைஞ்சிடுமோன்னு. ஊசி எடுத்தாரு. தாளை அவரு மூஞ்சிக்கு நேரா தூக்கிப் புடிச்சேன்."

தணிகாசலம் அவள் கையைப் பார்த்தார். அந்தக் கோடு டாக்டருக்காகப் போட்டது என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

பூங்காவனம் மூட்டையை அவர் கையில் வைத்தாள். சாமை, எங்கள் கொல்லையில் விளைந்தது, குத்திப் புடைத்துக் கொண்டுவந்தேன் என்றாள். அவர் வேண்டாம் என்று பின்வாங்கினார்.

"உன் தாள்தானே எங்கூட வந்துச்சு நைனா?"

"ஆமாம்மா."

"அப்புறம் என்ன?"

பூங்காவனம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மாவைப் பார்க்க உள்ளே போனாள்.

தணிகாசலம் மூட்டையைச் சுமந்துகொண்டு ரிஸ்வானாவின் அறைக்குப் போனார். ரிஸ்வானா வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். அவர் உட்காரும்வரை பார்த்திருந்துதான் தணிகாசலம் தாமும் உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லி முடித்தும் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

"கோடு போட்டது சிஸ்டர். பொத்திக் கொண்டுபோனது அந்த அம்மா. கையை நிறுத்தினது அந்த டாக்டர். பொத்தான் வைக்கச் சொல்லிக் கொடுத்தது நீங்க. இது எங்கிட்ட வந்துடுச்சு. இதை யார் யாருக்கு எவ்வளவுன்னு பிரிக்கறது டீச்சர்?"

ரிஸ்வானா மூட்டையின் வாயை அவிழ்த்தார். ஒரு பிடி சாமையை அள்ளி, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். புதுத் தானியத்தின் வாசனை. சிந்தாமல் திரும்ப உள்ளே போட்டு, வாயைக் கட்டி, அவர் மடியிலேயே வைத்தார்.

"நாளைக்குப் பொங்கி எடுத்துட்டு வாங்க ஐயா. பிரிக்க வேண்டாம், பரிமாறுங்க."